தையல்நாயகிக்கு வந்த குரல்

தையல்நாயகியின் வாயிலிருந்து அபரஞ்சியின் குரல் முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கீரைக்காரி தலையிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என்பதில் குயவர்குளத் தெருவில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அந்தக் குரல் என்ன சொன்னது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. மாடியிலிருந்து குனிந்து "அரைக்கீரை இருக்கா?" என்று கேட்டதாகக் கீரைக்காரி சொன்னாள். கீழ்வீட்டு ரமாமணியோ, "அரைக்கீரை மட்டுந்தான் இருக்கா?" என்று கேட்டது, அந்த 'மட்டுந்தான்' என்ற சொல்லுக்குள் ஏதோ இருந்தது என்றாள். எப்படியோ, அன்றைக்குக் கீரைக்காரி கட்டைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அபரஞ்சி யாரென்று அந்தத் தெருவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 'ஏழாம் வீட்டுச் சொந்தம்' என்ற சீரியலில் வருகிற மாமியார் அவள். மூத்த மருமகளை மாடிப்படியில் எண்ணெய் ஊற்றி வழுக்க வைத்தவள், இளைய மகனைச் சொந்த வீட்டிலிருந்தே திருட வைத்தவள், கட்டின புருஷனுக்கு மாலைப் பாலில் ஏதோ ஒரு பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து கொடுத்து அவரைக் கட்டிலோடு கட்டிலாக ஆக்கியவள். இத்தனையையும் செய்தபோது அவள் ஒருமுறைகூடக் கத்தியதில்லை. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவளைப் போல அவ்வளவு மெல்ல, அவ்வளவு இதமாகத்தான் பேசுவாள். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிற வீடுகளில் கை சோற்றோடு நின்றுபோகும். அபரஞ்சியாக நடித்தவள் தையல்நாயகிதான். ஆனால் திரையில் கேட்ட குரல் அவளுடையது அல்ல.

தையல்நாயகி மாயவரத்துக்காரி. இளம்வயதிலேயே கோதண்டபாணி என்பவரின் நாடகக் குழுவில் சேர்ந்து, சென்னையில் சபா சபாவாக ஏறி இறங்கியவள். கோதண்டபாணி அவளுக்கு எழுதியதெல்லாம் ஒரே மாதிரி வேஷங்கள், கடைசிக் காட்சியில் உண்மையைச் சொல்கிற வேஷங்கள். திருட்டுப் பழி சுமந்த தம்பிக்காகப் பேசும் அக்காவாக வந்து "அவன் எடுக்கலை" என்று ஒரு வார்த்தை சொன்னாளானால், கடைசி வரிசையில் போண்டா தின்றுகொண்டிருந்தவர்கூடத் தலையாட்டுவார். மைக் பழுதான நாள்களில் குழுவில் யாரும் பதறியதில்லை. அவள் குரல் அப்படிப்பட்டது. கொஞ்சம் கரகரப்பும் நிறைய நிதானமும் கலந்து, கேட்கிறவரின் நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும்.

தெருவிலும் அப்படித்தான். தண்ணி லாரி வருகிறது என்று அவள் மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால், எட்டிப் பார்க்காமலே எல்லோரும் குடத்தோடு இறங்குவார்கள். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர்கள் அவளிடம் போட்டோவைக் காட்டி, அவள் "நல்ல பையனாத் தெரியுது" என்றால் அதோடு விசாரிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். ரமாமணி ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியை அவளிடந்தான் கொடுத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்த பிறகும் ஒரு சாவி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

சபாக்களில் கூட்டம் மெலிந்து, கோதண்டபாணி வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவதே பெரும்பாடாகிப்போன காலத்தில், சீரியல் டைரக்டர் ஒருவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு வசனம் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"முகம் பிரமாதம்மா. ஆனா இந்தக் குரல்ல நீங்க பால்ல விஷம் கலந்தேன்னு சொன்னாக்கூட, சரி, ஏதோ நல்லதுக்குத்தான் கலந்திருப்பாங்கன்னு ஜனங்க நினைச்சிக்கும். குரலை வேற ஒருத்தர் கொடுக்கட்டும்."

கொடுத்தவள் எமல்டா என்ற டப்பிங் கலைஞர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை. செட்டில் தையல்நாயகி பேசி நடிப்பாள்; ஒலிப்பதிவுக் கூடத்தில் எமல்டா அந்த உதட்டசைவுக்குத் தன் குரலை ஊற்றுவாள்; இரவு எட்டு மணிக்குத் தையல்நாயகி தன் கணவர் சிற்சபேசனோடு சோபாவில் உட்கார்ந்து, தன் முகம் யாரோ ஒருத்தியாகப் பேசுவதைப் பார்ப்பாள். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சிற்சபேசன். திரையில் அபரஞ்சி பாலை ஆற்றும்போதெல்லாம் தன் கையிலிருக்கும் பால் டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் டம்ளரைத் தூக்கிக் காட்டவில்லை.

தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு, மேஜை மேல் கிடந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சீரியல் டைரக்டருக்கு ஒரு பக்கம் சந்தோஷம், டப்பிங் வேலை மிச்சம். இன்னொரு பக்கம் முகம் சுருங்கியது. "இத்தனை வருஷமா இதை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அவள் ஒளித்து வைக்கவில்லை என்று சொன்னாள். அபரஞ்சியின் குரலில் சொன்னதால் அவர் அதை நம்பவில்லை.

தெரு அந்தக் குரலை மெதுவாக, ஆனால் முழுசாக உள்வாங்கிக்கொண்டது. இது எப்படி நேர்ந்தது என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. இனி என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. தண்ணி லாரி வருகிறது என்று அவள் சொன்னால் குடங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. லாரி வந்து, ஹாரன் அடித்து, யாரும் வராமல் போன பிறகும், அவள் சொன்னது உண்மை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. லாரி வந்ததிலேயே ஏதோ சூது இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். சிலர் இன்னும் சாமர்த்தியமாக, அவள் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்யத் தொடங்கினார்கள். மழை வரும்போலிருக்கிறது, துணியை எடுங்கள் என்று அவள் சொன்னால், ஊறப்போட்டிருந்த துணியையும் பிழிந்து கொண்டுவந்து காயப்போட்டார்கள். நனைந்த துணியை மாலையில் அள்ளும்போது அவளை நிமிர்ந்து முறைத்தார்கள்.

ரமாமணி ஒருநாள் படியேறி வந்து, ரொம்ப மரியாதையாக, "அந்தச் சாவி... பூட்டை மாத்தலாம்னு இருக்கோம்" என்றாள்.

"சாவியைக் கொடுத்துட்டா பூட்டை எதுக்குக்கா மாத்தணும்?" என்று தையல்நாயகி கேட்டாள்.

எதார்த்தமான கேள்விதான். ஆனால் அந்த மெல்லிய குரலில் அது வந்தபோது ரமாமணி ஒரு படி பின்னால் இறங்கினாள். சாவியையும் வாங்கிப் போனாள், பூட்டையும் மாற்றினாள். அடுத்த மாதமே அவளே மறுபடியும் படியேறி வந்து, தன் நாத்தனாரோடு ஒரு பாகப்பிரிவினைத் தகராறு இருக்கிறது, நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்று கூப்பிட்டாள். தையல்நாயகி மறுத்துவிட்டாள். மறுத்ததையும் ரமாமணி நம்பவில்லை. நாத்தனார் பக்கம் முன்னமே பேசிவைத்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் தையல்நாயகி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது.

"எங்கே போய்ட்டு வரே?" என்பார் சிற்சபேசன்.

"டெய்லர்கிட்ட. ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேனே."

"அப்படியா" என்பார். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். டெய்லர் கடை வாசலில் நின்று, என் மனைவி வந்தாளா என்று கேட்டுவிட்டு, வந்தாள் என்று தெரிந்து வெட்கப்பட்டுத் திரும்புவார். மறுநாள் மறுபடியும் போவார். மாலைப் பாலை அவள் கொண்டுவந்து வைத்தால், ஆறட்டும் என்பார். அவள் சமையலறைக்குப் போய்த் திரும்பும்போது டம்ளர் காலியாக இருக்கும், வாஷ்பேசினில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியிருக்கும். அவள் அதைப் பார்த்தாள். தண்ணீர் திறந்துவிட்டுக் கழுவினாள். ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் எப்படிக் கேட்டாலும் அது அபரஞ்சி கேட்பதாகத்தான் இருக்கும்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் எமல்டாவைத் தேடிப் போனாள். தன் குரலை இந்தப் பெண் எடுத்துக்கொண்டு அவளுடையதைத் தன்மேல் தள்ளிவிட்டாள் என்ற சந்தேகம் அவளுக்குள் முளைத்து, வழியெல்லாம் வளர்ந்து, விருகம்பாக்கத்தில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த அந்த வீட்டு வாசலை அடைவதற்குள் முற்றிப்போயிருந்தது. தெருவில் நின்றே நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் நின்றாள். உள்ளேயிருந்து "யாரு? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது தையல்நாயகியின் சொந்தக் குரல். செருப்பைக் கழற்றி உள்ளே போய், காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் தான் சண்டைக்கு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

எமல்டா தூத்துக்குடிக்காரி, ஒல்லியான பெண். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் எடுக்கலக்கா. சத்தியமாச் சொல்லுதேன். ஒரு நாள் காலைல எந்திச்சு வாயத் தொறந்தேன், இது வந்துட்டு. டப்பிங்குல இந்தக் குரலை வெச்சு என்ன செய்யன்னு அனுப்பிட்டாவ."

"அப்ப திருப்பிக் கொடு."

"எப்படிக்கா கொடுக்க?" என்ற எமல்டா, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "தெரிஞ்சாலும் கொடுப்பேனான்னு தெரியலக்கா. கல்யாணமாயி வந்ததுலேருந்து எங்க மாமியார் என்னய நம்புனதே கெடையாது. உப்பு போட்டேன்னு சொன்னா நாக்குல வெச்சுப் பாப்பாவ. இப்ப நான் சொன்னா சரிங்காவ. கோயில்ல என்னயத்தான் வேதம் வாசிக்கச் சொல்லுதாவ. எனக்கு அழுகையா வருது."

தன்னுடைய பழைய குரல் எதிரே உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த தையல்நாயகிக்கு, இத்தனை வருஷமாக ஜனங்கள் ஏன் தன்னை நம்பினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. நம்பாமல் இருக்கவே முடியவில்லை. அதனாலேயே அவள் சந்தேகம் இன்னும் கெட்டியானது. எமல்டா ஒரு சீட்டில் கைபேசி எண்ணை எழுதி, "என்னமும்னா கூப்பிடுங்கக்கா" என்று நீட்டியபோது, வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

அதன்பிறகு ஒரு பிற்பகலில், வீடு பெருக்கும்போது, துளசித் தொட்டியை நகர்த்தியவள் அதன் அடியில் வெள்ளையும் ரோஸுமாக மாத்திரைகள் கரைந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தாள். சிற்சபேசனுக்கு ரத்தக் கொதிப்புக்கும் இருதயத்துக்கும் டாக்டர் கொடுத்தவை. தினமும் காலையில் அவள் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தவை. துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். திரும்பிக் கேட்கலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் கூடத்தில் ஏதோ சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

அவர் சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆஸ்பத்திரி தெருமுனையில்தான், ரமாமணி மகனின் ஆட்டோ வாசலிலேயே நின்றது. இரண்டு மாடி இறக்கித் தூக்கிப்போக ஆள்தான் வேண்டும். அவள் பால்கனிக்கு ஓடினாள்.

"ஐயோ, யாராவது வாங்களேன்! அவர் விழுந்துட்டாரு!"

கதவுகள் திறந்தன. எதிர்வரிசையில், பக்கத்து மாடியில், கீழே வாசலில் என்று ஜனங்கள் வந்து நின்றார்கள். நின்று பார்த்தார்கள். யாரும் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. போன வாரந்தான் அபரஞ்சி இதே மாதிரி பால்கனியில் நின்று, இதே மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இதே வார்த்தைகளைச் சொன்னாள். ஓடிவந்த மருமகளின் தலையில்தான் அந்தப் பழி விழுந்தது. அதை அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ரமாமணி மகன் ஆட்டோவிலிருந்து இறங்கப் போனான். அவன் அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாத்தாங்க! கும்பிட்டுக் கேக்கறேன்!"

கெஞ்சக் கெஞ்ச அந்தக் குரல் இன்னும் அபரஞ்சியாகத்தான் ஆனது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லச் சாத்திக்கொண்டது.

தையல்நாயகி உள்ளே ஓடி, எமல்டாவின் எண்ணை அழுத்தினாள். "என் வீட்டுக்காரர் விழுந்துட்டாரு, தெருவுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, நீ பேசு, கீழ்வீட்டு அக்கா பேரு ரமாமணி" என்றாள். எமல்டா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவள், மூச்சு விடுகிற நேரத்துக்குள் தன் தூத்துக்குடிப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியைப் பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டினாள் தையல்நாயகி.

"ரமாமணி அக்கா, நான் தையல் பேசறேன். அவரு விழுந்து கிடக்கறாரு. ஆட்டோவைத் திருப்பச் சொல்லுங்க. ரெண்டு பேர் மேல வாங்க."

எல்லோரும் ஓடிவந்தார்கள். ஜன்னலைச் சாத்திய வீட்டுக்காரர்தான் முதலில் மாடி ஏறினார். தையல்நாயகியின் கையில் கைபேசி இருந்ததையும், அவள் உதடுகள் மூடியிருந்ததையும் பார்த்துக்கொண்டேதான் வந்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிற்சபேசனைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் கொஞ்ச நாள் சொன்னபடி கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எமல்டா ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தையல்நாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைச் சந்தேகப்பட்டேன்."

"படுங்கக்கா" என்றாள் எமல்டா. குனிந்து பழத்தோலை உரித்துக்கொண்டே சொன்னாள். "நான் இப்ப பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டேன். சின்னச் சின்னப் பொய்தான். கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கடற்கரைக்குப் போனேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிக்கவே மாட்டேங்காவக்கா. ராத்திரி படுத்தா பயமா இருக்கு."

குயவர்குளத் தெரு இதையும் உள்வாங்கிக்கொண்டது. அவர்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். தையல்நாயகி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "முக்கியமான விஷயமா? அப்ப அந்தப் பொண்ணை விட்டுச் சொல்லச் சொல்லேன்" என்றார்கள். கேலியாகச் சொல்லவில்லை, கரிசனத்தோடுதான் சொன்னார்கள். வீடு திரும்பிய சிற்சபேசன்கூட, அவள் மாத்திரையை நீட்டிய முதல் நாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நினைக்காதே... அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடேன்" என்றார்.

"மாட்டேன்" என்றாள் தையல்நாயகி. "இனிமே எனக்கு இந்தக் குரல்தான். இஷ்டமிருந்தா நம்புங்க."

அவர் அன்றைக்கு நம்பவில்லை. மாத்திரைகளை மருந்துக்கடையிலிருந்து தானே வாங்கி வந்து, தானே பிரித்துப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டார் என்பதே போதும் என்று அவள் விட்டுவிட்டாள்.

கொஞ்ச காலத்தில் சீரியலும் முடிந்தது. கடைசி வாரத்தில் அபரஞ்சி எல்லோர் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். பார்த்த ஜனங்களில் ஒருவரும் அதை நம்பவில்லை. தொடர் முடிந்து, அந்த நேரத்தில் வேறு ஒன்று வரத் தொடங்கிய பிறகும், ஏதோ ஒரு நாள் அவள் எழுந்து வருவாள் என்று காத்திருந்தார்கள்.

கோதண்டபாணி அப்போது ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தார். கூடப்பிறந்த தங்கை நோயில் கிடந்து செத்துப்போகிறாள். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட அக்காவின் மேல் குடும்பமே பழி போடுகிறது. கடைசிக் காட்சியில் அவள் எழுந்து நின்று "நான் செய்யலை" என்கிறாள், திரை விழுகிறது. பழைய தையல்நாயகிக்காக எழுதியது. இப்போது இந்தக் குரலில் யார் கேட்பார்கள் என்று அவர் தயங்கினார். அவள்தான் வற்புறுத்தி வேஷத்தை வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் மயிலாப்பூர் சபாவில் பாதி நாற்காலி காலி. அவள் வாயைத் திறந்ததும் சிரிப்புக் கேட்டது. பிறகு சிரிப்பு அடங்கியது. அவள் தங்கைக்குக் கஞ்சி ஊட்டும்போது முன்வரிசைகள் முன்னால் சாய்ந்து அவள் விரல்களையே பார்த்தன. தலையணையைச் சரிசெய்யும்போது யாரோ மூச்சை இழுத்தார்கள். "நான் செய்யலை" என்று அவள் சொல்லித் திரை விழுந்தபோது கைதட்டல் வரவில்லை. கேன்டீனில் சண்டைதான் வந்தது. செய்தாள் என்றார்கள் பாதிப் பேர், செய்யவில்லை என்றார்கள் பாதிப் பேர். முடிவு கட்டுவதற்காகவே மறுபடியும் வந்தார்கள், கூட ஆள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நிருபர் ஒருத்தி கோதண்டபாணியிடம், உண்மையில் அவள் செய்தாளா என்று கேட்டாள்.

"எழுதும்போது செய்யலைம்மா" என்றார் அவர். "இப்ப எனக்கே தெரியலை."

குயவர்குளத் தெருவும் ஒரு வேன் வைத்து வந்து பார்த்தது. ரமாமணி இரண்டு முறை அழுதாள். வெளியே வந்ததும், என்னை அழ வைக்கத்தான் அப்படிப் பேசினாள் என்றாள்.

சிற்சபேசன் ஒரு காட்சியையும் விடவில்லை. கடைசி வரிசையில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடகம் முடிந்து, இருவரும் லஸ் முனையில் பேருந்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நெற்றி ஓரத்தில் மேக்கப் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இன்னும் வெளிச்சம் போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "அன்னைக்கு அந்தப் பொண்ணு போனை எடுக்கலைன்னா என்ன பண்ணியிருப்பே?"

தையல்நாயகி யோசித்தாள்.

"உங்களை முதுகுல போட்டுக்கிட்டு நானே இறங்கியிருப்பேன்."

மெல்ல, இதமாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவளைப் போலத்தான் அது வந்தது. இதை யாரிடமும் போய் விசாரிக்க முடியாது. டெய்லருக்கும் தெரியாது, எமல்டாவுக்கும் தெரியாது. சிற்சபேசன் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பேருந்துகள் வந்து போயின.

"நம்பறேன்" என்றார்.

அவள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், உதட்டோரத்தைப் பார்த்தாள், இன்னும் லேசாகக் கோணியிருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகங்களை அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் திரையில் அப்படியொரு முகத்தோடு வாழ்ந்தவள். தேடித் தேடிப் பார்த்தாள்.

சிற்சபேசன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.